செல் சுவாசத்தைக் காட்ட எந்தச் சோதனை? ஈஸ்ட், சுண்ணாம்பு நீர், சுவாசமானி, வெப்பக்குடுவை, மெத்திலீன் நீலம்: ஓர் ஒப்பீடு

செல் சுவாசப் பாடம் தொடங்கும் நாள்களில் என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது, எதைச் செய்துகாட்டுவது?" கேட்பவர்களில் ஆசிரியர்கள் உண்டு, செய்முறைத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் உண்டு, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முயலும் பெற்றோரும் உண்டு. பாடநூல்கள் இந்தச் சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஒரே உண்மையை நிறுவுவதுபோல் அடுக்கிவிடுகின்றன. உண்மையில் ஒவ்வொன்றும் சுவாசம் என்ற நீண்ட நிகழ்வின் ஏதோ ஓரிடத்தை மட்டுமே தொடுகிறது. தொடும் இடம் எதுவென்று அறியாமல் தேர்ந்தெடுத்தால், சோதனை வெற்றி பெற்றும் மாணவர் பிழையான பாடத்துடன் வெளியே போகிறார். பல ஆண்டுகள் இவற்றைச் செய்துபார்த்தும், செய்யும்போது தவறியும் நான் அறிந்துகொண்டதை வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

தேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் நிகழ்வையே ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். குளுக்கோஸ் மூலக்கூறு செல்லின் சைட்டோபிளாசத்தில் இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாகப் பிளக்கப்படுகிறது. இந்தக் கிளைக்காலைசிஸ் கட்டத்தில், செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. நிகரமாக இரண்டு கிடைக்கின்றன, ஆக்சிஜன் இங்கே தேவையில்லை. ஆக்சிஜன் இருந்தால் பைருவிக் அமிலம் மைட்டோகாண்டிரியாவுக்குள் நுழைந்து, முதலில் ஒரு கார்பனையும், பிறகு கிரெப்ஸ் சுழற்சியில் மீதியையும் கார்பன் டை ஆக்சைடாக இழக்கிறது. வழிநெடுக உணவுப்பொருளிலிருந்து கழற்றப்பட்ட எலக்ட்ரான்கள், மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் உள்ள எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி வழியாக இறங்கிக் கடைசியில் ஆக்சிஜனை அடைந்து நீராகின்றன. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வுக்கு அப்பால் தள்ளிச் சேர்க்கிறது. அவை திரும்பிப் பாயும்போது ஏ.டி.பி. உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் முன்வைத்த இந்த விளக்கம் நெடுநாள் ஐயத்துக்கு உள்ளாகி, 1978-இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

இந்த நீண்ட பாதையில், வெளியிலிருந்து நாம் எளிதாகத் தொடக்கூடிய இடங்கள் நான்குதான்: உள்ளே போகும் ஆக்சிஜன், வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடு, நடுவில் கைமாறும் எலக்ட்ரான், சிந்திப்போகும் வெப்பம். செல்லின் உண்மையான ஈட்டமாகிய ஏ.டி.பி.யை எளிய பள்ளிச் சோதனைகளில் ஒன்றுகூட நேரடியாகக் காட்டுவதில்லை. ஆகவே, என் முதல் அளவுகோல், சோதனை இந்த நான்கில் எதைத் தொடுகிறது என்பது. இரண்டாவது, அதிலிருந்து வேகத்தைக் குறிக்கும் ஓர் எண் கிடைக்குமா, அல்லது "ஆம், இல்லை" என்ற விடை மட்டுமா என்பது. மூன்றாவது, ஒப்பீட்டுக் குழாயை (நாம் ஆராயும் ஒன்று மட்டும் இல்லாத இணைக்குழாயை) நேர்மையாக அமைக்க முடியுமா என்பது. நேரம், கைப்பழக்கம், ஆபத்து ஆகியவை நான்காவது.

ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன். எனக்கு மற்ற நான்கையும்விட இதுவே பெரிது. சோதனை முடிந்த பின் மாணவரின் மனத்தில் எந்தத் தவறான எண்ணம் தங்கிவிடக்கூடும்? கண்ணால் கண்டதோடு சேர்ந்து பதியும் பிழையைப் பிற்பாடு சொற்களால் அகற்றுவது மிகக் கடினம்.

ஈஸ்ட்டும் பலூனும்

வெதுவெதுப்பான 100 மி.லி. நீரில் 5 கிராம் சர்க்கரையும் இரண்டு மூன்று கிராம் உலர் ஈஸ்ட்டும் கலந்து, குடுவையின் வாயில் பலூனை மாட்டிவைத்தால் அரை மணி நேரத்துக்குள் பலூன் நிமிரத் தொடங்குகிறது. பொருள்கள் எளியவை, ஆபத்து அறவே இல்லை, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் தெரிகிறது. சிறுவர்களுக்கு இதைவிடக் கண்ணைக் கவரும் சோதனை இந்தப் பாடத்தில் இல்லை.

ஆனால் இதன் மறைவான விலையை உணர, காற்றுள்ள சுவாசத்தின் சமன்பாட்டைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு ஆறு ஆக்சிஜன் மூலக்கூறுகள் உள்ளே போகின்றன. ஆறு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் வெளியே வருகின்றன. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம எண்ணிக்கையுள்ள வளிம மூலக்கூறுகள் சம பருமனைக் கொள்ளும். அப்படியானால், மூடிய குடுவைக்குள் காற்றுள்ள சுவாசம் மட்டும் நடந்தால் வளிமத்தின் மொத்தப் பருமன் மாறவே கூடாது. பலூன் துவண்டே கிடக்க வேண்டும். பலூன் உப்புகிறது என்பதே, ஆக்சிஜனை வாங்காமல் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும் வேறொரு வினை, அதாவது ஆல்கஹால் நொதித்தல், அங்கே நடக்கிறது என்பதற்குச் சான்று. இந்தச் சோதனையைக் "காற்றுள்ள சுவாசம்" என்ற தலைப்பின்கீழ்ச் செய்துகாட்டுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நானும் தொடக்கத்தில் அப்படியே செய்திருக்கிறேன். தலைப்புக்கு நேர் எதிரான உண்மையை அந்தப் பலூன் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. சர்க்கரை மிகுந்திருக்கும்போது, ஆக்சிஜன் இருந்தாலும்கூட ஈஸ்ட் நொதித்தலிலேயே ஈடுபடுகிறது. இதைக் கிராப்ட்ரீ விளைவு என்பார்கள். எனவே குடுவைக்குள் காற்றை ஊதிவிட்டால் ஈஸ்ட் காற்றுள்ள சுவாசத்துக்கு மாறிவிடும் என்ற எளிய எதிர்பார்ப்பும் இந்தச் சர்க்கரைக் கரைசலில் பலிப்பதில்லை.

எண் வேண்டுமென்றால் பலூன் உதவாது. ஒரு கிராம் குளுக்கோஸ் முழுமையாக நொதித்தால் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 270 மி.லி. கார்பன் டை ஆக்சைடு வர வேண்டும். ஆனால் பலூனின் சுவர் எதிர்த்து அழுத்துகிறது, அதன் வழியாக வளிமம் கசிகிறது, போதாததற்கு நீரும் இந்த வளிமத்தைக் கரைத்துக்கொள்கிறது. அறை வெப்பநிலையில் 100 மி.லி. நீர் எண்பது மி.லி. அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கவல்லது. முதல் சில நிமிடங்களில் "எதுவும் நடக்கவில்லை" என்று மாணவர்கள் சலித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு முனை மூடிய, அளவுக்கோடுள்ள வளைகுழாயான கூனே நொதித்தல் குழாயைப் பயன்படுத்தினால் வளிமத்தை அளவுக்கோட்டில் படிக்கலாம். சேர்ந்த வளிமத்தில் ஒரு சிறு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லையைச் சேர்த்ததும் கரைசல் மீண்டும் மேலேறுவதால், அந்த வளிமம் கார்பன் டை ஆக்சைடுதான் என்பதும் அங்கேயே உறுதியாகிவிடும்.

நொதித்தலைக் கற்பிப்பதுதான் நோக்கம் என்றால் இந்தச் சோதனையை மிஞ்ச எதுவும் இல்லை. எட்வர்டு புக்னர் 1897-இல் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த, உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாத சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்ததைக் கண்டு, உயிர் வேதியியலுக்கே புதிய வாயிலைத் திறந்தார். அந்த வரலாற்றைச் சொல்ல வேண்டிய இடம் இந்தக் குடுவைதான்.

சுண்ணாம்பு நீர்

இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முளைவிட்ட விதைகளின் மேல் காற்றைச் செலுத்தி, வெளிவரும் காற்றைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குமிழியிடச் செய்தால், கால்சியம் கார்பனேட் உருவாகிக் கரைசல் பால்போல் வெளுக்கிறது. உள்ளே போகும் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை முன்கூட்டியே காரத்தில் உறிஞ்சி நீக்காவிட்டால் சோதனைக்குப் பொருளே இல்லை. குமிழிகளைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருந்தால் கால்சியம் பைகார்பனேட் உருவாகி, வெளுத்தது மீண்டும் தெளிந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; அப்படித் தெளிந்த பிறகு வந்து பார்க்கும் மாணவர் "மாற்றமில்லை" என்று எழுதிவைப்பார்.

நான் கவலைப்படுவது வேறொன்றைக் குறித்து. பல வகுப்புகளில் விதைகளுக்குப் பதிலாக மாணவரே குழல் வழியாகச் சுண்ணாம்பு நீரில் ஊதுகிறார். வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 4 விழுக்காடு, வெளிக்காற்றில் 0.04 விழுக்காடு, ஆகவே சில விநாடிகளில் கரைசல் வெளுத்துவிடுகிறது. ஆனால் மாணவர் கற்றுக்கொள்வது, சுவாசம் நுரையீரலில் நடக்கிறது என்பதை. மூச்சு விடுதலும் செல் சுவாசமும் வெவ்வேறு என்று சொல்லவே நாம் இந்தப் பாடத்தை நடத்துகிறோம். நுரையீரல் என்று ஒன்றும் இல்லாத விதைகளை வைத்துச் செய்ய முடிந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுவதே நல்லது.

சுவாசமானி

ஆக்சிஜன் உட்கொள்ளப்படுவதை நேரடியாக அளக்கும் எளிய வழி இது ஒன்றுதான். மூடிய குழாய்க்குள் முளைவிட்ட விதைகளையும், அவற்றைத் தொடாதபடி சற்றுத் தள்ளிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் வைத்து, குழாயின் மறுமுனையில் நுண்குழல் ஒன்றைப் பொருத்தி, அதில் ஒரு துளி வண்ண நீரை நிறுத்துகிறோம். விதைகள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை ஹைட்ராக்சைடு உறிஞ்சிவிடுவதால், உள்ளே குறைவது ஆக்சிஜனின் பருமன் மட்டுமே. அந்த அளவுக்கு வண்ணத் துளி உள்நோக்கி நகர்கிறது.

ஹைட்ராக்சைடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? மாவுச்சத்து மிகுந்த விதைகளில் துளி ஏறத்தாழ அசையாமல் நிற்கும். பலூன் சோதனையில் நாம் பார்த்த அதே ஆறுக்கு ஆறு கணக்குத்தான் இங்கேயும். இந்த அசையாமையை மாணவர் தம் கண்ணால் பார்ப்பது, சமன்பாட்டை நூறு முறை எழுதுவதைவிட மேல் என்பேன். ஹைட்ராக்சைடுடன் ஒரு குழாய், அது இல்லாமல் ஒரு குழாய் என இரண்டையும் சேர்த்து வைத்தால் சுவாச ஈவையும் கணக்கிட முடியும்: முதல் குழாயில் குறைந்த பருமன் ஆக்சிஜனின் அளவு, அதிலிருந்து இரண்டாம் குழாயில் குறைந்த பருமனைக் கழித்தால் கார்பன் டை ஆக்சைடின் அளவு, பின்னதை முன்னதால் வகுத்தால் சுவாச ஈவு. மாவுச்சத்தும் சர்க்கரையும் எரிபொருளானால் இந்த எண் 1. கொழுப்பானால் ஏறத்தாழ 0.7, ஏனெனில் கொழுப்பு மூலக்கூறில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பதால் அதை முழுமையாக ஆக்சிஜனேற்றம் செய்ய வெளியிலிருந்து கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். செல் எதை எரிக்கிறது என்பதைச் செல்லைத் திறக்காமலே கண்டுபிடிக்கும் இந்த வழி எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. ஓட்டோ வார்புர்க் செம்மைப்படுத்திய அழுத்தமானி இதே கொள்கையில் இயங்கியது; ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் புறாவின் மார்புத் தசையை அரைத்து, தம் பெயர் தாங்கிய சுழற்சியைத் துலக்கியதும் ஆக்சிஜன் உட்கொள்ளலை இவ்வாறு அளந்துதான்.

இத்தனை சிறப்புக்கும் கொடுக்க வேண்டிய விலை பெரிது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குழாய்க்குள் 30 மி.லி. காற்று இருப்பதாகக் கொள்வோம். வெப்பநிலை ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அந்தக் காற்று ஏறத்தாழ 0.1 மி.லி. விரிவடையும். சிறிய அளவாகத் தோன்றுகிறது. ஆனால் 1 மி.மீ. உள்விட்டமுள்ள நுண்குழலில் 0.1 மி.லி. என்பது 12 முதல் 13 செ.மீ. நீளம். அதாவது, கையால் குழாயைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கும் மாணவரின் உள்ளங்கைச் சூடு, விதைகள் பல நிமிடங்கள் உழைத்து நகர்த்திய துளியைக் கணப்பொழுதில் வெளியே தள்ளிவிடும். என் முதல் முயற்சியில் துளி பின்னோக்கிப் போனதைப் பார்த்துவிட்டு, விதைகள் ஆக்சிஜனை வெளிவிடுகின்றன என்று ஒரு மாணவி குறிப்பேட்டில் எழுதியிருந்தார். அவர் கண்டதைத்தான் எழுதினார். பிழை என் ஏற்பாட்டில் இருந்தது. அன்றிலிருந்து குழாய்களை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, பத்து நிமிடம் வெப்பநிலை சமமாகும் வரை காத்திருந்து, விதைகளின் பருமனுக்கு ஈடான கண்ணாடி மணிகள் மட்டும் கொண்ட ஒப்பீட்டுக் குழாயையும் அருகில் வைக்காமல் நான் அளவெடுப்பதில்லை. மணிகள் உள்ள குழாயில் துளி எவ்வளவு நகர்கிறதோ, அதை மற்றக் குழாய்களின் அளவிலிருந்து கழித்துவிட வேண்டும்.

வேறு இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. பட்டாணி போன்ற விதைகளில் விதையுறை கிழிந்து முளைவேர் வெளிவரும் முன் ஆக்சிஜன் உள்ளே எளிதில் நுழைவதில்லை. அந்த நிலையில் ஓரளவு நொதித்தலும் நடப்பதால் சுவாச ஈவு 1-ஐத் தாண்டிப்போகும். முளைவேர் தெளிவாக நீண்ட விதைகளையே எடுக்க வேண்டும். முளை பச்சை பிடித்திருந்தால் ஒளிச்சேர்க்கை குறுக்கிடாதபடி கருந்துணியால் மூட வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள். இளைய வகுப்புகளில் அதற்குப் பதில் சோடா சுண்ணாம்புத் துணுக்குகளைப் பயன்படுத்துவது சற்றுப் பாதுகாப்பானது. அதையும் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும்.

வெப்பக்குடுவை

முளைவிட்ட விதைகளை ஒரு வெப்பக்குடுவையிலும், அவித்து ஆறவைத்த விதைகளை மற்றொன்றிலும் நிரப்பி, வெப்பமானியைச் செருகிப் பஞ்சால் அடைத்துவைத்தால், இரண்டு மூன்று நாள்களில் முதல் குடுவை சில டிகிரிகள் சூடேறியிருக்கும். பஞ்சுக்குப் பதில் இறுக்கமான மூடியால் அடைத்துவிட்டால் ஆக்சிஜன் தீர்ந்து விதைகள் அழுகத் தொடங்கும்.

ஆற்றல் என்ற சொல்லுக்கு மிக அருகில் வரும் சோதனை இதுவே. ஆனால் எவ்வளவு அருகில் என்பதைத் தெளிவுபடுத்தாவிட்டால் பிழையும் இங்கேதான் பிறக்கிறது. ஒரு மோல் குளுக்கோஸ் முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடையும்போது 686 கிலோகலோரி அளவுக்குக் கட்டற்ற ஆற்றல், அதாவது வேலைக்குப் பயன்படக்கூடிய ஆற்றல், வெளிப்படுகிறது. இன்றைய கணக்கின்படி ஒரு குளுக்கோஸிலிருந்து கிடைப்பது 30 முதல் 32 ஏ.டி.பி.; பழைய நூல்களில் காணும் 36, 38 ஆகியவை சவ்வில் ஏற்படும் கசிவையும் கடத்தல் செலவையும் கணக்கில் கொள்ளாதவை. ஒரு மோல் ஏ.டி.பி.க்கு, திட்ட நிலைமையில், 7.3 கிலோகலோரி என்று கொண்டால் செல் பிடித்துவைப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மீதி வெப்பமாகப் போகிறது. வெப்பமானி காட்டுவது முதன்மையாக அந்த மீதியை. "விதைகள் உருவாக்கிய ஆற்றலைப் பாருங்கள்" என்று வெப்பமானியைச் சுட்டிக்காட்டினால், சுவாசத்தின் நோக்கமே சூடாவது என்று மாணவர் எண்ணிக்கொள்வார். செல் வெப்பத்தை எரிபொருளாகப் பயன்படுத்தி வேலை செய்ய இயலாது. அதன் வேலைக்கு உதவுவது ஏ.டி.பி.தான். இந்த ஒரு வரியைச் சொல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு பொறி, அவித்த விதைகள். இறந்த விதைகள் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் நல்ல விருந்து. அவையும் சுவாசிக்கின்றன, அவையும் வெப்பம் விடுகின்றன. ஒருமுறை மூன்றாம் நாள் திறந்துபார்த்தபோது, அவித்த விதைகள் இருந்த குடுவையே கூடுதல் சூடாக இருந்தது. சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்து, புளித்த வாடை எழுந்தது. இரண்டு குடுவைகளின் விதைகளையும் நீர்த்த வெளுப்புக் கரைசலில் கழுவி எடுத்த பிறகே நிரப்ப வேண்டும்.

வரலாற்றோடு இணைத்துச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை. லவாசியேவும் லப்பிளாசும் 1780-களின் தொடக்கத்தில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, உருகிய பனியின் அளவையும் வெளிவந்த கார்பன் டை ஆக்சைடையும், கரி எரியும்போது கிடைத்த அளவுகளோடு ஒப்பிட்டார்கள். சுவாசமும் ஒருவகை எரிதலே என்ற முடிவு அங்கிருந்துதான் பிறந்தது.

மெத்திலீன் நீலம்

மூன்று சோதனைக்குழாய்களில் ஈஸ்ட் கலவையை எடுத்துக்கொள்கிறோம்: ஒன்றில் குளுக்கோஸ் சேர்த்த உயிருள்ள ஈஸ்ட், இன்னொன்றில் குளுக்கோஸ் சேர்க்காத உயிருள்ள ஈஸ்ட், மூன்றாவதில் குளுக்கோஸுடன் கொதிக்கவைத்து ஆறிய ஈஸ்ட். ஒவ்வொன்றிலும் நீர்த்த மெத்திலீன் நீலச் சாயத்தைச் சில துளிகள் விட்டு, 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் நீரில் அசையாமல் நிறுத்திவைக்கிறோம். சில நிமிடங்களில் முதல் குழாயின் அடியிலிருந்து நீலம் கரையத் தொடங்கி, குழாய் முழுவதும் ஈஸ்ட்டின் வெளிர்மஞ்சள் நிறத்துக்குத் திரும்புகிறது. உற்றுப் பார்த்தால் மேற்பரப்பில், கரைசல் காற்றைத் தொடும் இடத்தில் மட்டும், நூல் பருமனில் ஒரு நீல வளையம் எஞ்சி நிற்கும். கொதித்த ஈஸ்ட் உள்ள குழாய் வைத்தது வைத்தபடியே நீலமாக இருக்கும்.

என்ன நடந்தது? செல்லில் உள்ள டிஹைட்ரோஜினேஸ் நொதிகள் உணவுப்பொருளிலிருந்து ஹைட்ரஜனையும் அதனோடு எலக்ட்ரான்களையும் கழற்றுகின்றன. வழக்கமாக இவை கடத்துச் சங்கிலி வழியே ஆக்சிஜனைச் சென்றடைய வேண்டியவை; இங்கே மெத்திலீன் நீலம் குறுக்கே நின்று அவற்றை வாங்கிக்கொண்டு நிறமிழக்கிறது. இப்போது குழாயை விரலால் மூடி ஓங்கிக் குலுக்கினால் முழுக் கரைசலும் ஒரே கணத்தில் நீலமாகிவிடுகிறது, ஏனெனில் கரைந்த ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களைச் சாயத்திடமிருந்து பறித்துக்கொள்கிறது. குழாயை மீண்டும் நிறுத்திவைத்தால் மீண்டும் வெளுக்கிறது. சுவாசத்தில் ஆக்சிஜனின் பங்கு என்ன என்ற கேள்விக்கு நான் அறிந்த மிகச் சிறந்த விடை இந்தக் குலுக்கல்தான். ஆக்சிஜன் உணவை நேரடியாகத் தாக்கி எரிப்பதில்லை. கடைசியில் நின்று எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. அந்த மேல்விளிம்பு நீல வளையத்தை மாணவரே கண்டுபிடித்து "இது ஏன்?" என்று கேட்கும்போது பாடம் தானாக நடந்துவிடுகிறது.

இந்த முறைக்கும் பெருமைமிக்க முன்னோடி உண்டு. சுவீடனைச் சேர்ந்த துன்பெரி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காற்றை வெளியேற்றிய குழாயில் தசைத் துணுக்குகளையும் மெத்திலீன் நீலத்தையும் வைத்து, சக்சினிக் அமிலம் போன்ற எந்தெந்தக் கரிம அமிலங்கள் எலக்ட்ரான்களைத் தருகின்றன என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். கிரெப்ஸ் சுழற்சிக்கான துண்டுகள் சில அவ்வாறுதான் சேர்ந்தன.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். சாயத்தை மிகுதியாக விட்டால் நீலம் மறையவே மறையாது. குளுக்கோஸ் சேர்க்காத குழாயும் சற்றுத் தாமதமாக வெளுத்துவிடும், ஏனெனில் ஈஸ்ட் தன்னுள்ளே கிளைக்கோஜன், டிரிஹலோஸ் என்னும் சேமிப்பு மாவுச்சத்துப் பொருள்களை வைத்திருக்கிறது. வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டுமானால், ஈஸ்ட்டை முந்தைய நாள் சர்க்கரையற்ற நீரில் காற்றூட்டிப் பட்டினி போட வேண்டும். காரத்தன்மையுள்ள குளுக்கோஸ் கரைசல், உயிரே இல்லாமல், தானாக மெத்திலீன் நீலத்தை வெளுக்கச்செய்யும். குலுக்கினால் நீலமும் திரும்பும். ஆகவே காரம் பட்ட குழாயைக் கழுவாமல் பயன்படுத்தினால் கொதித்த ஈஸ்ட்டும் சுவாசிப்பதுபோல் தோன்றும். ஒப்பீட்டுக் குழாயிலும் குளுக்கோஸ் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தவிர, ஈஸ்ட் எலக்ட்ரான்களைக் கழற்றுகிறது என்பதைத்தான் இந்தச் சோதனை நிறுவுகிறது. கிளைக்காலைசிஸில் கழன்றவையா, மைட்டோகாண்டிரியாவில் கழன்றவையா என்று இதனால் பிரித்துச் சொல்ல முடியாது.

உணர்கருவியும் அசைவுப்படமும்

கார்பன் டை ஆக்சைடு உணர்கருவியும் ஆக்சிஜன் உணர்கருவியும் உள்ள ஆய்வகங்களில் சுவாசமானியின் தொல்லைகளில் பாதி தீர்ந்துவிடும். வரைபடம் கண்முன்னே வரையப்படும். ஆனால் கருவியை அளவுத்திருத்தம் செய்யாமல் எடுத்த எண்களுக்கு மதிப்பில்லை. கருவி என்ன செய்கிறது என்று புரியாத மாணவருக்கு அது வெறும் கோடு. ஏ.டி.பி. சிந்தேஸ் என்னும் நொதி சுழன்று ஏ.டி.பி.யை வெளித்தள்ளுவதைக் காட்ட அசைவுப்படத்தைத் தவிர வேறு வழியில்லை. பால் பாயரும் ஜான் வாக்கரும் 1997-இல் நோபல் பரிசு பெற்ற அந்தப் பொறியமைப்பு எந்தக் குடுவையிலும் புலப்படாது. சோதனை ஒன்றைச் செய்த பிறகு அசைவுப்படத்தைப் போடுங்கள். முன்னதாகப் போட்டால், சோதனையில் கண்டதை மறந்து படத்தில் கண்டதையே மாணவர் எழுதுவார்.

ஒரே பார்வையில்

| சோதனை | தொடும் இடம் | எண் கிடைக்குமா | தேவைப்படும் நேரம் | மறைவான விலை |
|---|---|---|---|---|
| ஈஸ்ட், பலூன் | வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு (நொதித்தல்) | பலூனில் இல்லை. நொதித்தல் குழாயில் உண்டு | 30 முதல் 60 நிமிடம் | காற்றுள்ள சுவாசம் என்று தவறாகப் பதியும் |
| சுண்ணாம்பு நீர் | வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு | இல்லை | ஊதினால் சில விநாடி. விதைகளானால் ஒரு வகுப்பு | மூச்சையும் சுவாசத்தையும் குழப்பும் |
| சுவாசமானி | உள்ளே போகும் ஆக்சிஜன், சுவாச ஈவு | உண்டு | தயாரிப்போடு இரண்டு வகுப்புகள் | வெப்பநிலை மாற்றம், அரிக்கும் காரம் |
| வெப்பக்குடுவை | சிந்தும் வெப்பம் | வெப்பநிலை மட்டும் | இரண்டு மூன்று நாள் | பூஞ்சை. வெப்பமே ஈட்டம் என்ற எண்ணம் |
| மெத்திலீன் நீலம் | கைமாறும் எலக்ட்ரான் | நிறம் மறையும் நேரம் | 15 முதல் 30 நிமிடம் | சாயத்தின் அளவு, காரம் |

யாருக்கு எது

ஒரே ஒரு வகுப்பு மட்டும் இருக்கிறது, மாணவர்கள் மேல்நிலை வகுப்பினர் என்றால், தயக்கமின்றி மெத்திலீன் நீலத்தைத் தேர்ந்தெடுப்பேன். நேரம் குறைவு, ஒப்பீட்டுக் குழாய் எளிது, ஆக்சிஜனின் பங்கு பற்றிய உண்மை கைக்குள்ளேயே நிகழ்கிறது. செய்முறைத் திட்டத்துக்கு வாரக்கணக்கில் நேரம் இருப்பவருக்குச் சுவாசமானிக்கு ஈடானது எதுவுமில்லை. 15, 25, 35 டிகிரி செல்சியஸில் அளவெடுத்து வெப்பநிலைக்கும் சுவாச வேகத்துக்கும் உள்ள உறவை வரையலாம், மாவுச்சத்து விதையையும் எண்ணெய் விதையையும் சுவாச ஈவால் ஒப்பிடலாம். வேலை அதிகம், ஆனால் ஒவ்வொரு பிழையும் இயற்பியலில் ஒரு பாடம். ஆற்றல் பற்றிய பாடத்தோடு சேர்த்து நடத்துவதாக இருந்து, விதைகளைக் கழுவிக் கவனிக்கும் பொறுமையும் இருந்தால் வெப்பக்குடுவை பொருந்தும். ஏ.டி.பி.யையே கண்ணால் காட்ட வேண்டும் என்று விரும்புவோருக்கு மின்மினிப்பூச்சியின் லூசிஃபெரேஸ் நொதி உண்டு, ஏ.டி.பி. சேர்ந்தால் அது ஒளிர்கிறது என்பதை வில்லியம் மெக்எல்ராய் 1947-இல் காட்டினார். அந்த ஒளியை அளக்கும் கருவி பள்ளி ஆய்வகங்களில் அரிது; கல்லூரிக்கு ஏற்றது.

சிறுவர்களுக்கும், பொருள்கள் அதிகம் கிடைக்காத இடங்களுக்கும் பலூனே போதும். கரும்பலகையில் "நொதித்தல்" என்று எழுதிவிட்டுத் தொடங்கினால் சரி. அதே ஈஸ்ட் கலவையிலிருந்து சிறிது எடுத்து மெத்திலீன் நீலச் சோதனையையும் பக்கத்தில் நிறுத்தலாம். பலூன் நிமிரும் வரை காத்திருக்கும் அரை மணி நேரத்தில் நீலம் போய்வந்து முடிந்திருக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்வதாக இருந்தால் ஒரு சிறு மாற்றம் செய்யும்படி கேட்டுக்கொள்வேன். பலூனைக் குடுவையில் மாட்டும் முன், ஈஸ்ட் குடுவைக்குள் இருக்கும் ஆக்சிஜனை மட்டும் கொண்டு சுவாசித்தால் இந்தப் பலூன் எவ்வளவு உப்பும் என்று மாணவர்களைக் கேளுங்கள். சமன்பாட்டைப் பார்த்து, ஆறையும் ஆறையும் ஒப்பிட்டு, அவரவர் விடையைக் குறிப்பேட்டில் எழுதி முடித்த பிறகு ஈஸ்ட்டை ஊற்றுங்கள்.